பால் புரதமும் உயிர் உரப் பொட்டலமும்

(உளுந்து சாகுபடிப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



பிசான நெல் அறுவடைக்கு முன் தரிசு உளுந்து விதைக்கும் தாமிரபரணிப் பாசனப் பகுதி உழவர்கள், "ரைசோபியம் பொட்டலத்தில் சிறிது பால் ஊற்றி வீட்டிலேயே பெருக்கிக் கொள்ளலாமா?" என்று கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்களுக்கு ஊட்டும் உணவுகளுள் ஒன்று பாலிலிருந்தே கிடைக்கிறது. ஆனால் அது பாலாகவே ஊட்டப்படுவதில்லை.

பசும்பாலின் புரதத்தில் ஏறத்தாழ 80 சதம் கேசீன் ஆகும். பாலில் எலுமிச்சைச் சாறு விட்டால் திரியும் வெண்பகுதி இதுவே. இது பெரிய மூலக்கூறு. பாக்டீரியாவினுள் அப்படியே நுழையாது. எனவே டிரிப்சின் போன்ற நொதிகளைக் கொண்டு அதைச் சிறு துண்டுகளாகச் சிதைக்கின்றனர். நம் குடலில் நடைபெறும் செரிமானமும் இத்தகையதே. இவ்வாறு கிடைக்கும் தூள் டிரிப்டோன் எனப்படும். ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் டிரிப்டோன், 3 கிராம் ஈஸ்ட் சாறு, சிறிது கால்சியம் குளோரைடு சேர்த்த ஊடகத்தில் ரைசோபிய இனங்கள் பலவற்றை வளர்க்கலாம். பெருமளவு உற்பத்திக்கு மானிடால், ஈஸ்ட் சாறு கலந்த ஊடகமே பெரிதும் வழக்கிலுள்ளது.

வீட்டில் ஏன் கூடாது? ஆய்வுக்கூட ஊடகத்தை 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் 15 முதல் 20 நிமிடம் வைத்துத் தொற்று நீக்குகின்றனர். வீட்டுப் பாலிலும் நீரிலும் வேறு பாக்டீரியாக்கள் உள்ளன. களை முந்திக்கொண்டு நாற்றை அமுக்குவதுபோல் அவை ரைசோபியத்தை அமுக்கிவிடும். இக்குணமே தரச் சோதனைக்கும் உதவுகிறது. குளுக்கோஸுடன், புரதச் சிதைவுப் பொருளான பெப்டோன் கலந்த ஊடகத்தில் ரைசோபியம் மிகக் குறைவாகவே வளரும். அந்நிய பாக்டீரியா ஒரே நாளில் செழிக்கும். அவ்வாறு செழித்தால் அந்த வளர்ப்பு தூய்மையற்றது எனக் கொள்ளலாம்.

உரக் கட்டுப்பாட்டு ஆணையில் உயிர் உரங்கள் 2006ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. அதன்படி தூள் வடிவப் பொட்டலத்தில் கிராமுக்கு 5 கோடி உயிருள்ள செல்களேனும் இருத்தல் வேண்டும். வெயிலில் கிடந்த பொட்டலத்தில் இவை மடிந்துவிடும். பணமும் பருவமும் வீணாகும்.

ஆகவே காலாவதி நாள் பார்த்து வாங்குங்கள், நிழலில் வையுங்கள். எக்டருக்குரிய விதையுடன் 200 கிராம் பொட்டலம் மூன்றை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள். பூசணக்கொல்லி கலந்த விதையாயின் 24 மணி நேரம் கழித்தே இதைக் கலத்தல் வேண்டும். முப்பதாம் நாள் வாக்கில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி, வேர் முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து நிலைநிறுத்தும் வேலை நடக்கிறது என்று அறியலாம்.

பாலை வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுங்கள். விதைக்குக் கஞ்சியே போதும்.