வெயில் நாட்டில் ஒரு புல்வெளி

(சங்க ஆண்டு விழாவில் தோட்டக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

இன்னிசைக்கும் நாடகத்துக்கும் நடுவே புல்லைப் பற்றி ஓர் உரையா என்று சிலர் வியக்கக்கூடும். நீங்கள் இப்பொழுது அமர்ந்திருப்பதே அந்தப் புல்லின் மீதுதான். நம் குழந்தைகள் தமிழ் பேசி விளையாடுவது இங்கே. ஊரிலிருந்து வரும் பாட்டன் பாட்டிமார் மாலையில் காலாற நடப்பது இங்கே. பொங்கலன்று நாம் கூடுவதும் இங்கேயே. ஆகவே இதன் வரலாற்றைச் சற்றே கூற அனுமதி வேண்டுகிறோம்.

நாம் வாழும் ஜெய்ப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரையில் பெய்து ஓய்ந்துவிடும். மே மாதத்திலோ வெப்பம் 40 பாகையை எளிதில் தாண்டும். அருகிலுள்ள ராம்கர் ஏரியில் 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் படகுப் பந்தயங்கள் நடைபெற்றன. பின்னர் அவ்வேரி வறண்டுபோயிற்று. இன்று இந்நகரம் பெரும்பாலும் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் பனாஸ் ஆற்றின் குறுக்கேயுள்ள பீசல்பூர் அணையின் நீரையே பருகுகிறது. இத்தகைய ஊரில் புல் வளர்ப்போர் நீரின் அருமையை மறத்தல் ஆகாது. நாங்கள் மறந்தோம். அதுவே எங்கள் முதற்பிழை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாற்றுப் பண்ணையிலிருந்து கம்பளம் போன்ற அயற்புல்லை விலைக்கு வாங்கி, 800 சதுர மீட்டர் நிலத்தில் பதித்தோம். அன்றாடம் மாலையில் குழாய் பிடித்து மேலாக நனைத்தோம். அழகுக்காக மழமழவென ஒட்ட வெட்டினோம். மே மாதத்தில் நிறம் வெளிறியபோது பசியென்று எண்ணி யூரியாவை அள்ளித் தூவினோம். பத்தே நாட்களில் புல் தீய்ந்து கருகிற்று.

அவ்வேளையில்தான் மேல்மாடியில் வாழும் ஓர் அம்மையார் வெறுங்குடத்துடன் வந்து நின்றார். “எங்கள் வீட்டில் அரிசி களையத் தண்ணீர் இல்லை; நீங்கள் செத்த புல்லைக் குளிப்பாட்டுகிறீர்களே, இது நியாயமா?” என்று கேட்டார். எங்களிடம் விடையில்லை. குழாயை நிறுத்தினோம். புல்வெளியே வேண்டாம், சிமெண்டுத் தரை போட்டுவிடலாம் என்று கூட்டத்தில் பலர் பேசினர். பிள்ளைகளின் முகம் வாடிற்று.

வழி காட்டியவர் நம் தோட்டக்காரர். நடைபாதையின் ஓரத்தில் எவரும் நீர் ஊற்றாமலே உயிர் வைத்திருந்த ஒரு புல்லைப் பிடுங்கிக் காட்டி, “இது எங்கள் தூப், இது சாகாது” என்றார். உற்றுப் பார்த்தோம். நம் அறுகம்புல்! பிள்ளையாருக்கு நாம் சூட்டும் அதே அறுகு. அறுகுபோல் வேரோட வேண்டுமென்று மணமக்களை வாழ்த்தும் அதே அறுகு. நாம் விட்டுவந்ததாக எண்ணியது நமக்கு முன்னரே இங்கு வேரூன்றியிருந்தது.

அறுகு, சோளத்தையும் கரும்பையும் போல வெப்பத்திலும் கடும் ஒளியிலும் நீரைச் சிக்கனமாகக் கொண்டு வளரும் இனம். நிலத்தின் மேல் ஓடும் தண்டும் கீழ் ஓடும் தண்டும் அதற்கு உண்டு. வறட்சியில் மேலிலை காய்ந்தாலும் உள்ளே உயிர் உறங்கிக்கிடக்கும். குளிர்காலத்திலும் அது பழுப்பாகும். இவ்விரு பழுப்பையும் சாவென்று கருதி அஞ்ச வேண்டுவதில்லை. அதற்கு நிழல் ஒவ்வாது.

ஆகவே வேம்பின் நிழலில் புல்லைக் கைவிட்டு, மண்தரையாக்கி, இருக்கைகள் இட்டோம். வெயில்படும் 400 சதுர மீட்டரை மட்டும் வைத்துக்கொண்டோம். மணற்பாங்கான மண்ணைக் கொத்தி நன்கு மக்கிய எருவைக் கலந்தோம். பச்சைச் சாணம் கறையானை அழைக்கும் என்று தோட்டக்காரர் தடுத்துவிட்டார். ஜூலையில் முதல் மழை விழுந்ததும் அறுகின் துண்டுகளை நான்கு விரற்கடை இடைவெளியில் நட்டோம்.

நீர் பாய்ச்சும் கணக்கை இளைஞர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும் நீர் ஒரு லிட்டர். எனவே 400 சதுர மீட்டரை 25 மில்லிமீட்டர் நனைக்க 10,000 லிட்டர் தேவை. அதாவது 5,000 லிட்டர் கொள்ளும் லாரிகள் இரண்டு. இக்கணக்கை அறிந்தபின் எவருக்கும் கை தாராளமாகாது. அன்றாடம் தெளித்தால் வேர் மேலேயே தங்கி வெயிலில் வேகும். அரிதாக ஆழப் பாய்ச்சினால் வேர் நீரைத் தேடிக் கீழிறங்கும். விடியற்காலையே தக்க வேளை. அரை அடி ஆழம் நனைந்ததா என்பதை ஒரு கம்பியைக் குத்தி அறியலாம். ஈரமண்ணில் அது எளிதில் இறங்கும்.

வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கலாகாது. கோடையில் இரண்டு அங்குல உயரம் இருந்தால் புல் தன் நிழலாலேயே மண்ணைக் காக்கும். வெட்டிய துணுக்குகளை அங்கேயே விட்டால் அவையே உரமாகும். யூரியாவை மழை தொடங்கியபின் சதுர மீட்டருக்குப் பத்துக் கிராம் அளவில் தூவி, உடனே நீர் விட்டால் போதும். கடுங்கோடையில் அதைத் தொடவே கூடாது.

குடிநீர் ஒரு சொட்டும் புல்லுக்கு இல்லை என்று தீர்மானித்தோம். காய்கறி கழுவிய நீரையும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வடியும் நீரையும் வீடுதோறும் பீப்பாயில் சேர்த்தோம். வெறுங்குடத்துடன் வந்த அம்மையாரே மகளிர் பக்கத்தில் அப்பணியை முன்னின்று நடத்துகிறார்.

சென்ற ஜூனில் இப்புல்வெளி வைக்கோல் நிறமாயிருந்தது. பலர் நகைத்தனர், எங்களுக்கும் உள்ளூர அச்சம் இருந்தது. ஜூலை மழை பெய்த பத்தாம் நாள் காலையில் ஒரு சிறுவன் எங்கள் கதவைத் தட்டி, “மாமா, வந்து பாருங்கள், பச்சை!” என்று கூவினான். பந்தாட்டத்தில் தேய்ந்த சில இடங்கள் மட்டும் பிழைக்கவில்லை. அவற்றில் பிள்ளைகளே அறுகுத் துண்டுகளை நட்டனர்.

அன்பர்களே, ஆண்டு முழுதும் பச்சையாக இருத்தலே நலமென்று எண்ணியிருந்தோம். வறளும் காலத்தில் அடங்கி, மழைக்காலத்தில் தழைப்பதும் நலமே. ஊரின் நீரைப் பறிக்காமல், ஊரின் மண்ணோடு பொருந்தி வேரோடுவது புல்லுக்கும் அழகு, நமக்கும் அழகு. வரும் கோடையில் இது மீண்டும் பழுப்பாகும்போது, பொறுத்திருங்கள். உங்கள் வீட்டுப் பீப்பாயை மட்டும் மறவாதீர்கள்.