ஏடு காத்த கைகள்

 

இந்தியச் சமுதாயம் பல சமயங்களின் உறைவிடம் என்பது மேடைதோறும் ஒலிக்கும் உரை. வேற்றுமையில் ஒற்றுமை என்னும் தொடர் பல கை மாறித் தேய்ந்துபோன நாணயமாகிவிட்டது. அத்தொடர் மெய்யா பொய்யா என வாதிடுவதைக் காட்டிலும், அது எவ்விடத்தில், எவருடைய உழைப்பால் மெய்யாயிற்று எனத் தேடுவது பயனுடையது. அத்தேடலுக்குத் தமிழில் ஏற்ற களம் ஏடுகளின் வரலாறு. ஒரு சமயத்தார் இயற்றிய நூலை வேறொரு சமயத்தார் பாடங்கேட்டும், உரை வரைந்தும், படியெடுத்தும், பதிப்பித்தும் காத்த வரலாறு அது.

பூசலை மறைக்க வேண்டா

இவ்வரலாற்றைக் கூறப் புகுவோர் பூசல்களை மறைத்துவிட்டு நல்லிணக்கத்தை மட்டும் பாடுதல் நேர்மையாகாது. தேவாரத்தில் சமண, சாக்கியர்மீது கடுஞ்சொற்கள் உண்டு. பௌத்த காப்பியமாகிய மணிமேகலை, சமயக் கணக்கர் பலருடைய கொள்கைகளைக் கேட்டுப் பௌத்தமே மேலென நிறுவுகிறது. நாதகுத்தனார் இயற்றிய குண்டலகேசி சமணத்தை மறுக்க எழுந்தது; அக்குண்டலகேசியை மறுக்க எழுந்தது நீலகேசி. அநபாயச் சோழன் சிந்தாமணியில் திளைத்திருப்பது கண்டு வருந்திய சேக்கிழார், அடியார் வரலாற்றின்பால் அவன் உள்ளத்தைத் திருப்பினார் என்று சேக்கிழார் புராணம் கூறுகிறது. சமயங்கள் தமிழகத்தில் ஒன்றையொன்று வெல்லவே முயன்றன. இதனை ஒளிக்க வேண்டுவதில்லை.

ஆயினும் ஓர் உண்மை நோக்கத்தக்கது. மறுப்பவன் மறுக்கப்படும் நூலை முதலில் கற்றாக வேண்டியிருந்தது. குண்டலகேசி முழுமையாக இன்று கிடைக்கவில்லை. அதன் பல பாடல்களின் முதற்குறிப்புகள், அதனை மறுத்த நீலகேசியின் உரையினால் தெரியவருகின்றன. அவ்வுரையை வரைந்தவர் சமய திவாகர வாமன முனிவர் என்னும் சமணர். பௌத்த நூலின் எச்சத்தைப் பகைவர் வீட்டுப் பெட்டகமே காத்துத் தந்தது. எதிரியின் சொல்லையும் திரிக்காமல் எடுத்துக்காட்டி, அதன் பின்னரே மறுத்தல் என்னும் புலமை ஒழுக்கம் இருந்தமையால்தான் இது நேர்ந்தது.

நன்னூல் நடந்த வழி

பூசலுக்கு அப்பால் பாடசாலை ஒன்று இருந்தது. நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் சமணர். அதற்குத் தொன்மையான உரை கண்ட மயிலைநாதரும் சமணர். பின்னர் அந்நூலுக்கு விருத்தியுரை எழுதிய சங்கர நமச்சிவாயர் சைவர். அவ்வுரையைத் திருத்தி விரிவாக்கியவர் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர். சிவஞான போதத்திற்கு மாபாடியம் தந்த அதே முனிவர். சைவ சித்தாந்தத்தின் பெருநூலாசிரியர் சமணரின் இலக்கண நூலைத் தொடத் தயங்கவில்லை. நூற்பாவைப் பற்றிய ஐயங்களில் ஆசிரியரின் சமயம் குறுக்கிடவில்லை. சைவ மடத்து மாணாக்கர் தலைமுறை தலைமுறையாகச் சமணர் வகுத்த வழியிலேயே எழுத்தும் சொல்லும் கற்றனர்.

குடந்தையில் ஒரு சமண இல்லம்

இவ்வரலாற்றின் உச்சம் சீவக சிந்தாமணிப் பதிப்பு. 1880ஆம் ஆண்டு, கும்பகோணம் அரசு கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் ஐயர் அடுக்கிச் சொன்னார். முதலியாரோ சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் கற்றதுண்டா என வினவினார். அவ்வொரு வினா தமிழ் இலக்கிய வரலாற்றின் போக்கையே மாற்றிற்று.

சிந்தாமணியைக் கையிலெடுத்த ஐயருக்குத் தமிழ் தெரிந்திருந்தது, சமணம் தெரியவில்லை. நச்சினார்க்கினியர் உரை துணைசெய்த போதிலும், சமய வழக்குகள் பல விளங்காமல் நின்றன. அந்நிலையில் அவர் தெளிவு நாடிச் சென்றது கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்கு. அங்கே சிந்தாமணி பாராயண நூலாக வாழ்ந்துகொண்டிருந்தது. புலவருலகம் மறந்த காப்பியத்தை ஒரு சிறுபான்மைச் சமயத்தார் வீட்டுக்குள்ளே ஓதி வந்தனர். சந்திரநாத செட்டியார் முதலியோர் ஐயரின் ஐயங்களைப் பொறுமையோடு தீர்த்தனர். சமண மெய்ப்பொருளில் அவர் காட்டிய ஈடுபாட்டைக் கண்டு, வீடுபேற்றுக்குரிய பக்குவமுடையவரைச் சுட்டும் 'பவ்விய ஜீவன்' என்னும் தம் சமயச் சொல்லால் அவரை வியந்தனர்.

மற்றொரு புறம், சைவத்தின் அரணாக விளங்கிய திருவாவடுதுறை ஆதீனத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் ஐயரின் ஏட்டுத் தேடலுக்குத் துணைநின்றார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. சமண முனிவர் திருத்தக்கதேவரின் காப்பியம். வைதிகராகிய நச்சினார்க்கினியரின் உரை. சைவ மடத்தில் கற்ற அந்தணரின் பதிப்பு. குடந்தைச் சமணரின் விளக்கம். இவற்றுள் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அந்நூல் அவ்வடிவில் கிடைத்திராது.

இங்கு எவரும் தம் சமயத்தைக் கைவிடவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஐயர் இறுதிவரை சிவபத்தியுடையவராகவே வாழ்ந்தார். செட்டியார் சமணராகவே இருந்தார். சமயங்களைக் கலந்து ஒன்றாக்கினால்தான் இணக்கம் பிறக்கும் என்பார் கூற்றுக்கு இது விடை. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டல் என்னும் எளிய செயலே இணக்கத்தின் வாயிலாயிற்று. அறிஞர் ஒருவர் தம் அறியாமையோடு அண்டை வீட்டுப் படியேறினார். அவ்வீட்டார் கதவைத் திறந்தனர்.

1898இல் வெளிவந்த மணிமேகலைக்கும் இத்தகைய வரலாறு உண்டு. தமிழகத்தில் பௌத்தம் வழக்கொழிந்துவிட்டமையால், ஓதிக் காட்ட ஒரு வீடும் இல்லை. வைணவராகிய பேராசிரியர் ரங்காசாரியார் பௌத்த நூல்களைக் கற்று அக்கருத்துகளை ஐயருக்கு விளக்கினார். புத்தமித்திரர் என்னும் பௌத்தர் இயற்றிய வீரசோழியத்தை 1881இல் அச்சிட்டவர், கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து பின்னர்ச் சைவராகிய யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை. சமணக் காப்பியமாகிய சூளாமணியை 1889இல் வெளியிட்டவரும் அவரே.

யாப்பு என்னும் பொதுநிலம்

ஏடுகளைப் போலவே யாப்பும் காப்பிய மரபும் சமய எல்லைகளைக் கடந்து சென்றன. உமறுப்புலவர், எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவரிடம் பயின்றவர் என்பது மரபுவழிச் செய்தி. நபிகள் நாயகத்தின் வாழ்வை அவர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களால் சீறாப்புராணமாகப் பாடினார். அரபு நாட்டைப் பாடும்போதும் தமிழ்க் காப்பிய மரபின்படி மலையும் ஆறும் வயலும் பாடினார். கீழக்கரை வள்ளல் சீதக்காதி, உமறுவின் முயற்சிக்கு ஊக்கமளித்தார். படிக்காசுப் புலவர் போன்ற பிற சமயப் புலவரும் அவ்வள்ளலின் கொடையைப் பாடினர். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், சூசையப்பரைத் தலைவராக்கித் தேம்பாவணியை 3615 பாடல்களில் அமைத்தார். வைணவக் குடியில் பிறந்து கம்பனில் தோய்ந்து வளர்ந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை கிறித்தவரான பின்னரும் கம்பனைத் துறக்கவில்லை. 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தில் அக்கம்பனின் நடை துலங்குகிறது. சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக விளங்கிய மு. மு. இஸ்மாயில் (1921–2005), கம்பனை ஆராய்வதையே வாழ்நாட்பணியாகக் கொண்டார்.

இப்புலவர் எவரும் தமிழைத் தம் சமயத்தின் தனியுடைமையாகக் கருதவில்லை. அறுசீர் விருத்தத்திற்கும் அந்தாதித் தொடைக்கும் சமயமில்லை. அதனால்தான் பிள்ளைத்தமிழில் மீனாட்சியம்மையும் குழந்தையானாள்; நபிகள் நாயகமும் குழந்தையானார்.

இன்றைய வினா

இத்தகைய மரபின் வழிவந்தோர் இன்று என்ன செய்கின்றனர்? சீறாப்புராணத்தை ஆராய்வோர் பெரும்பாலும் இசுலாமியர். தேம்பாவணியை ஆராய்வோர் பெரும்பாலும் கிறித்தவர். தேவாரத்தைப் பேசச் சைவரும் பாசுரத்தைப் பேச வைணவருமே அழைக்கப்பெறுகின்றனர். மேல்சித்தாமூர் மடத்தைச் சார்ந்த தமிழ்ச் சமணர் வடதமிழகத்தில் இன்றும் வாழ்கின்றனர் என்பதே தமிழ் கற்றோர் பலருக்குப் புதுச் செய்தி. இலக்கிய வரலாற்று நூல்களில் இசுலாமியத் தமிழும் கிறித்தவத் தமிழும் ஈற்றயலில் தனி இயல்களாக ஒதுங்கி நிற்கின்றன. தனி இயல் அமைத்தது பெருமைப்படுத்தும் நோக்கத்தோடுதான். ஆனால் நடைமுறையில் அது தனி வீடாகி, அவ்வீட்டார் அன்றிப் பிறர் நுழையாத இடமாகிவிட்டது.

இதனால் நேரும் இழப்பு பெரிது. ஒரு சமயத்தாரின் நூலை அச்சமயத்தார் மட்டுமே கற்பது நிலைத்துவிட்டால், அவர்கள் நலியும் நாளில் நூலும் நலியும். வளையாபதிக்கு நேர்ந்தது அதுவே. புறத்திரட்டு முதலிய தொகைகளும் பிற உரைகளும் எடுத்தாண்ட பாடல்கள் அன்றி அதில் எதுவும் எஞ்சவில்லை. மேலும், அண்டை வீட்டாரின் நூலை அறியாதவர் அவ்வீட்டாரைப் பற்றிப் பிறர் கூறும் வதந்தியை எளிதில் நம்புவர். ஏடு திறவாத இடத்தில் ஐயம் குடிபுகும். நாட்டில் எழும் சமயக் கலவரங்களுக்குக் காரணங்கள் பல. அறியாமை அவற்றுள் ஒன்று. அதனைக் களையும் பொறுப்பு இலக்கிய அமைப்புகளைச் சார்ந்தது.

கவிஞர்க்கும் இதில் தனிப் பங்கு உண்டு. சமய நல்லிணக்கம் என்னும் தலைப்பில் கவியரங்கம் நிகழும்போது கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கொலி, தேவாலய மணி என மூன்றையும் ஓரடியில் அடுக்கிவிட்டால் கடமை முடிந்ததாகக் கருதும் வழக்கம் பரவியுள்ளது. அவ்வடுக்கில் மூன்றும் ஒலிக்கின்றன; ஒன்றும் கேட்கவில்லை. உமறு தம் நாயகரைப் பாடுமுன் தமிழ்க் காப்பிய மரபு முழுவதையும் கற்றார். கிருஷ்ணபிள்ளை கம்பனில் ஊறினார். பிறர் மரபைக் கற்ற பின் எழும் பாட்டிற்கும், கல்லாமல் எழும் பாராட்டிற்கும் உள்ள வேறுபாட்டைச் செவியுடையோர் உணர்வர்.

பத்தாண்டு நிறைந்த இலக்கிய வட்டம் ஒன்று அடுத்த பத்தாண்டிற்கு மேற்கொள்ளத்தக்க பணி எளியது. திங்கள்தோறும் ஒரு நூல்; அதனைப் பேசுவோர் அந்நூலின் சமயத்தைச் சாராத ஒருவர்; அவருக்கு ஐயம் தெளிவிக்க அவையில் அச்சமயத்தார் ஒருவர். வைணவ இளைஞர் சீறாவின் அரபுச் சொற்களுக்கு இசுலாமியப் பெரியவரிடம் பொருள் கேட்கட்டும். கிறித்தவக் கவிஞர் நாச்சியார் திருமொழியைப் பேசட்டும். இசுலாமியப் பெண்மணி மணிமேகலையின் அறத்தை ஆராயட்டும். சிந்தாமணியைக் காத்த முறை இதுவே. குடந்தையில் ஓர் ஆசிரியருக்கும் ஓர் இல்லத்தார்க்கும் இயன்றது, பலர் கூடிய ஒரு வட்டத்திற்கு இயலாததன்று. அதற்கு வேண்டுவது ஒன்றே: தெரியாததைக் கேட்கும் பணிவு.