மாலை போட்ட படமும் மனத்தில் நின்ற முகமும்



தமிழ் நாளிதழ் வாங்கும் வீடுகளில், முதல் பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்பே நினைவஞ்சலிப் பக்கத்தைத் திருப்பும் பெரியவர்கள் உண்டு. யார் போய்விட்டார், யாருக்கு எத்தனையாவது ஆண்டு என்று பார்த்த பிறகுதான் அரசியல், விலைவாசி எல்லாம். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் காலத்துப் பழக்கம் அது. இன்றும் விடவில்லை.

அந்தப் பக்கத்தில் வரும் படங்களைச் சற்று உற்றுப் பாருங்கள். சிரிக்கிற முகம் அபூர்வம். வெள்ளைச் சட்டை, நேரான பார்வை, பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முந்திய தோற்றம். கீழே அன்பின் சிகரம், பண்பின் உறைவிடம், குடும்பத்தின் குலவிளக்கு. பத்து அறிவிப்புகளின் வாசகங்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டாலும் வித்தியாசம் தெரியாது. இது கேலி அன்று. துக்க வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு வேறு சொல் வராது. ஆனால் அந்தக் கட்டத்துக்குள் இருப்பவர், வீட்டில் நடமாடிய அதே மனிதர்தானா?

கிள்ளான் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா இளமையில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், பிறகு லாரி ஓட்டியவர். மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்து இறந்துவிட்டார். அம்மா கண்ணை மூடினால் மூக்கில் குழாய் சொருகிய முகம்தான் தெரிகிறது. இருபத்தேழு ஆண்டு சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கையின் மேல் அந்த இருபத்தொரு நாள் ஏறி உட்கார்ந்துகொண்டது. மூத்த மகனுக்கு அப்பா தெய்வம். ஒரு குறை சொல்ல விடமாட்டார். மகள், மேல்படிப்பு விஷயத்தில் அப்பாவுடன் சண்டை போட்டு நான்கு மாதம் பேசாமல் இருந்தவர். அவருக்கு அந்த நான்கு மாதம் மட்டுமே நினைவு. கடைக்குட்டிக்கு அப்போது ஆறு வயது. அவனுக்குத் தெரிந்த அப்பா, சாமி மேடைக்குப் பக்கத்தில் மாலையோடு தொங்குகிற படம். இறந்தவர் ஒருவர். அந்த வீட்டில் நான்கு பேர் நான்கு வேறு மனிதர்களை இழந்திருக்கிறார்கள்.

துக்கம் நினைவுகளைப் பொறுக்கி எடுக்கிறது. மனம் சோர்ந்திருக்கும்போது சோகமான சம்பவங்களே எளிதாக ஞாபகத்துக்கு வருகின்றன என்பதை அமெரிக்க உளவியலாளர் கோர்டன் பவர் 1981இல் விரிவாக எழுதினார். அதற்கும் வெகு முன்னால், 1932இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஃபிரெடெரிக் பார்ட்லெட் இன்னொன்றைக் காட்டினார். ஒரு கதையைப் படித்தவர்களை மீண்டும் மீண்டும் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை சுருங்கியது, புரியாத இடங்கள் கழன்று விழுந்தன, சொல்பவருக்குப் பழக்கமான சங்கதிகள் உள்ளே நுழைந்தன. 2000ஆம் ஆண்டில் கரீம் நாடரும் அவருடைய சகாக்களும் நியூயார்க்கில் எலிகளை வைத்து நடத்திய ஆய்வு, பழைய நினைவு ஒன்று கிளறப்படும்போது அது மறுபடியும் இளகி, மாறக்கூடிய நிலைக்கு வருகிறது என்று காட்டியது. எலியின் பயத்தை மனிதனின் துயரத்தோடு அப்படியே ஒட்டவைக்க முடியாதுதான். ஆனாலும் நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்த நகை அன்று என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகிறார்கள். எடுத்துப் பார்க்கிற கை அதில் ஏதாவது செய்துவிட்டுத்தான் திரும்ப வைக்கிறது.

ஆய்வுகளைவிட இதை நெருங்கிப் பார்த்தவர் ஓர் எழுத்தாளர். நார்னியா சிறுவர் கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ். வெகுகாலம் தனியாளாக வாழ்ந்து, ஐம்பது வயதைக் கடந்த பிறகு ஜாய் டேவிட்மன் என்ற அமெரிக்க எழுத்தாளரை மணந்தார். புற்றுநோய் ஜாயை 1960 ஜூலையில் கொண்டுபோய்விட்டது. வீட்டில் கிடந்த வெற்று நோட்டுப் புத்தகங்களை எடுத்து, தமக்கு நேர்வதை நேர்ந்தபடியே லூயிஸ் எழுதினார். 1961இல் அது 'எ கிரீஃப் அப்சர்வ்டு' என்ற பெயரில் நூலாக வந்தபோது சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. வேறொரு புனைபெயரில் வெளியிட்டார்.

அந்த நூலில் அவரை ஆட்டிப்படைக்கும் அச்சம் ஒன்று உண்டு. மனைவி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் மனத்தில் இருக்கும் மனைவி, தாமே செய்துகொண்ட பொம்மையாக மாறிக்கொண்டிருக்கிறாளோ என்ற அச்சம். பனித்தூள் மெல்ல மெல்ல விழுந்து ஒன்றன் உருவத்தை மூடுவதுபோல, தம்முடைய எண்ணத் துகள்கள் அவள் மேல் படிகின்றன என்று கவலைப்படுகிறார். அவளுடைய நல்ல புகைப்படம் ஒன்றுகூடத் தம்மிடம் இல்லை, முகத்தை மனத்தில் தெளிவாகக் கொண்டுவரவும் முடியவில்லை என்கிறார். உயிரோடு இருந்த ஜாய் எதிர்த்துப் பேசுவார், இவர் நினைத்ததற்கு மாறாக ஏதாவது செய்வார். நினைவில் இருக்கும் ஜாய் எதையும் மறுப்பதில்லை. லூயிஸுக்குப் பெரிய இழப்பு அதுதான்.

பிறகு நடந்ததை அவரே எதிர்பார்க்கவில்லை. ஒரு நாள் காலையில் மனம் கொஞ்சம் லேசாகிறது. அழுகை குறைந்த அந்த நேரத்தில்தான் மனைவி முன்னெப்போதையும்விடத் தெளிவாக நினைவுக்கு வருகிறார். துக்கத்தின் கொதிப்பே இடையில் நின்று மறைத்துக்கொண்டிருந்தது என்று லூயிஸுக்குப் புரிகிறது.

இது நம் வீடுகளுக்கு மிகவும் தேவையான செய்தி. இங்கே துக்கம் குறைவதை ஒரு குற்றமாக நினைப்பவர்கள் அதிகம். ஆறு மாதத்தில் சிரித்துப் பேசினால் பக்கத்து வீட்டார் பார்ப்பார்களோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, வலி குறைந்தால் அவரையே மறந்துவிடுவோமோ என்ற பயம் மறுபக்கம். அதனால் சில பெண்கள் வலியையே தாலிபோலக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். விடக் கூடாது என்று அவர்கள் பிடித்துக்கொண்டிருப்பது கணவரை அன்று, மருத்துவமனைக் கட்டிலை.

போனவரைப் பற்றிக் குறை பேசக்கூடாது என்ற வழக்கமும் நமக்கு உண்டு. பதில் சொல்ல முடியாதவரைப் பற்றிப் பழி பேசுவது ஈனம்தான், வழக்கம் நல்லதே. ஆனால் முன்கோபம், கஞ்சத்தனம், ஓயாத வெற்றிலை, நான்கு எண் சீட்டுப் பைத்தியம் என்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் மிச்சம் இருப்பது யார்? அப்பாவோடு சண்டை போட்ட அந்த மகள், தெய்வமாகிவிட்டவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பார்? அப்பாவும் அன்றைக்குப் பிடிவாதம் பிடித்தார், தப்பில் பாதி அவருடையது என்று வீட்டில் யாராவது ஒருவர் வாய் திறந்து சொன்னால்தான் அந்தப் பெண்ணுக்கு மூச்சு வரும்.

படத்துக்கே வருவோம். அன்றைய மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய 1948இல்தான் புகைப்படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை வந்தது. எத்தனையோ தோட்டத்துப் பாட்டன் பாட்டிகளுக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அந்த அட்டைக்காக எடுத்ததுதான். அதையே பெரிதாக்கி மாட்டினார்கள். அரசாங்கத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ஒரு நிமிடம், ஓர் ஆயுளுக்குப் பதிலாகச் சுவரில் நிற்கிறது. பேரப்பிள்ளைகள், தாத்தா மிகவும் கண்டிப்பானவர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1977இல் தாயை இழந்தார். தாயின் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். சாயல் இருந்தது, அம்மா இல்லை. கடைசியில் அம்மாவை அவர் கண்டுகொண்ட படம், அந்த அம்மாள் ஐந்து வயதுச் சிறுமியாக நின்ற பழைய படம். அந்த வயதில் தாயைப் பார்த்திருக்க மகனுக்கு வழியே இல்லை! புகைப்படங்களைப் பற்றி 1980இல் வெளியிட்ட நூலில் அதைப் பக்கம் பக்கமாகப் பேசினார், படத்தை மட்டும் அச்சிடவில்லை. மற்றவர் கண்ணுக்கு அது யாரோ ஒரு குழந்தை, அவ்வளவுதான்.

எல்லாருக்கும் துக்கம் தானாக இளகிவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், நீடித்த துயரத்தைத் தனியொரு கோளாறாகச் சேர்த்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேலாகியும் ஏக்கம் ஆளை முடக்கிப் போட்டு, அவரவர் சமூக வழக்கம் ஏற்கும் அளவையும் மிஞ்சிவிட்டால் மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கமில்லை. காத்து கருப்பு என்று அலைய வேண்டியதில்லை.

அந்தக் கிள்ளான் வீட்டில் இரண்டாம் ஆண்டுத் திதி என்று வைத்துக்கொள்ளுங்கள். படையல் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். வாழையிலையை மடித்துக்கொண்டே கடைக்குட்டி கேட்கிறான்.

"ஏம்மா, அப்பாவுக்குக் கோபமே வராதாமே? அண்ணன் சொல்லுச்சு."

அம்மா நிமிர்ந்து பார்க்கிறார். "யாரு, உங்கப்பாவுக்கா? கொழம்புல உப்பு கூடிப்போனா பேசாம போயி படுத்துக்குவாரு. எத்தனை தடவை கூப்பிட்டாலும் எந்திரிக்க மாட்டாரு. ராத்திரி எல்லாரும் தூங்குன பொறகு குசினிக்குப் போயி சட்டிய வழிச்சுத் தின்னுட்டு, காலையில எலி தின்னுருச்சும்பாரு."

"அம்மா, இன்னிக்குப் போயி..." என்று மூத்தவர் தடுக்கப் பார்க்கிறார். அதற்குள் மகள் சிரித்துவிடுகிறார். "ஆமாண்ணே, ஒருநாள் கையும் களவுமா நான் புடிச்சேன். மூடி கீழ விழுந்து ஒரே சத்தம். யாருகிட்டயும் சொல்லாத தாயின்னு எனக்கு அம்பது காசு குடுத்தாரு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் இருக்கும் படத்தைத் திரும்பிப் பார்க்கிறார். தோள் குலுங்குகிறது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று மூத்தவருக்குத் தெரியவில்லை.

கடைக்குட்டி இலையைக் கீழே போட்டுவிட்டு அக்காவின் பக்கத்தில் வந்து உட்காருகிறான். "அப்புறம்?" என்கிறான்.