பிள்ளைகள் பேச ஓர் ஆள் வேண்டும்



பூலாம்பாடியில் நின்று பள்ளிக்கூடத்துக்காகக் கேட்பதற்கு எனக்குக் கூச்சமே இல்லை. இது கொடுத்துப் பழகிய ஊர். கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்கள் அனுப்பும் பணத்தில் இங்கே வீடு எழுந்தது, கோயில் எழுந்தது, ஊர்ப் பொதுவேலைகளும் நடந்தன. இன்று நான் கேட்கப்போவதற்குக் கல்வெட்டு வைக்க முடியாது. நம் பிள்ளைகளின் மனசுக்காகக் கேட்கிறேன்.

இந்தப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றின் ஆசிரியை சொன்னதைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பையன். கணக்கு நோட்டில் பொங்கல் விடுமுறை வரைக்கும் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அதற்குப் பிறகு தேதி மட்டும் போட்டிருக்கிறான். கீழே வெற்றுத் தாள். சோம்பேறித்தனம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு அப்பாயிதான் வந்தார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில், பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போடப் பள்ளியில் வைத்திருக்கும் 'மாணவர் மனசு' பெட்டியில் ஒரு துண்டுத்தாள் விழுந்தது. "அப்பா இந்தப் பொங்கலுக்கும் வரல. போன்ல கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கிறாரு." அவ்வளவுதான். ஆசிரியை மதியம் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பையன் வாய் திறக்கிற நேரத்தில் மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பில் நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அந்த ஆசிரியை மேல் குற்றம் சொல்ல நமக்கு வாய் இருக்கிறதா?

கேட்க ஆள் வேண்டும், மனசைக் கையாளப் பயிற்சியும் வேண்டும். கோபம் வந்தால் என்ன செய்வது, தோற்றால் எப்படி எழுவது, பக்கத்தில் இருப்பவனின் துக்கத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்பதையெல்லாம் பாடமாகவே சொல்லித்தர முடியும். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் இதற்கென்றே மகிழ்ச்சி வகுப்பு தொடங்கினார்கள். படிப்பு கெட்டுப்போகும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பெரும்பாலும் அமெரிக்கப் பள்ளிகளில் நடந்த இத்தகைய 213 திட்டங்களை, 2,70,000 மாணவர்களை அலசியது. நூறு பேரில் ஐம்பதாவதாக நிற்கவேண்டிய பிள்ளை படிப்பில் பதினொரு இடம் முன்னே போயிருந்தது. வகுப்பாசிரியரே இதை நன்றாக நடத்த முடியும் என்றும் அதே ஆய்வு கண்டது.

நம் அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மனசுப் பெட்டி இருக்கிறது. 14417 உதவி எண் இருக்கிறது. 2024 குழந்தைகள் தினத்தில் மகிழ் முற்றம் வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று குழு பிரித்து எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒன்றாக நிறுத்துகிறார்கள். நல்ல காரியம், மனசார வரவேற்கிறேன். ஆனால் பெட்டியில் விழுந்த தாளை எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளையோடு வாராவாரம் உட்கார ஆள் எங்கே?

இப்படி ஓர் ஆள் வேண்டும் என்று நான் மட்டும் சொல்லவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைந்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், நூறு மாணவர் இருந்தாலே தகுதியுள்ள ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவர் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டது. சட்டத்தின் வாக்கு நம் பக்கம் இருக்கிறது. பணம்தான் இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் 251 முதல் 1,000 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 75,000 ரூபாய். மாதத்துக்கு 6,250. மின்கட்டணம், பழுதுபார்ப்பு, கழிப்பறைச் சுத்தம் எல்லாவற்றுக்கும் அதுதான். இதில் ஆலோசகருக்கு எங்கிருந்து சம்பளம் கொடுப்பது? அந்தத் திட்டத்தில் ஒன்றிய அரசு தரவேண்டிய 2024-25ஆம் ஆண்டுப் பங்கு 2,152 கோடி ரூபாயை, பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று நிறுத்திவைத்தார்கள். டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கிற வழக்கில் பூலாம்பாடிப் பிள்ளை ஏன் தண்டம் கட்டவேண்டும்? இது அநியாயம். கை இறுகும்போது கண்ணுக்குத் தெரியாத செலவைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

மலேசியாவிலிருந்து விடுப்பில் ஊர் வந்திருக்கும் சொந்தங்களே, 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற அரசுத் திட்டத்தின் வழியாக நீங்கள் கொடுக்கலாம். கதவு சாத்திப் பேச ஓர் அறை, கதைப் புத்தகங்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி, இவற்றுக்குத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஆலோசகரின் சம்பளத்தை நன்கொடையில் நிறுத்தக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு வருஷம் உங்கள் வியாபாரம் நொடித்தால், அப்போதுதான் மனம் திறந்த பிள்ளை நட்டாற்றில் நிற்கும். அது அரசுப் பணியிடமாகத்தான் இருக்கவேண்டும், நிரந்தரமாக.

கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தந்திருக்கிறது. அரசு மானியத்துக்கு அடிப்படையே அந்தத் திட்டம்தான். குழு உறுப்பினர்களே, சுற்றுச்சுவரும் கழிப்பறையும் எழுதுகிற அந்தத் தாளில் அடுத்த கூட்டத்திலேயே இதையும் எழுதுங்கள்: எங்கள் பள்ளிக்கு ஓர் ஆலோசகர் பணியிடம், இந்த மனசுப் பாடத்துக்கு வாரத்தில் ஒரு பாடவேளை, அதற்குத் தனி நிதி. குழுவில் பாதிக்குப் பாதி பெண்கள் இருக்கிறீர்கள். தீர்மானத்தின் நகலை முதன்மைக் கல்வி அலுவலரிடம் நேரில் கொடுப்போம். பெரம்பலூருக்கு உங்களோடு நானும் வருகிறேன்.