கட்டி தெரிந்த நாளும் சிகிச்சை தொடங்கிய நாளும்



2020 மார்ச் 25 முதல் கொரோனா ஊரடங்கு. திருப்பூரில் தையல் மிஷின்களோடு பஸ்களும் நின்றன. மார்பில் கட்டி தட்டுப்பட்ட பெண் கோவை மருத்துவமனைக்குப் போக வழியில்லை. வலி இல்லாததால் வீட்டிலும் யாரும் பதறவில்லை. தொடக்கநிலைப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதுதான் நம்மை ஏமாற்றும் விஷயம்.

2019 மார்ச் முதல் மே வரை நாட்டின் 41 புற்றுநோய் மையங்களில் 1,12,270 புதிய நோயாளிகள் பதிவானார்கள். மறு ஆண்டு அதே மாதங்களில் 51,760 பேர்தான். வராதவர்களின் நோய் வீட்டிலேயே வளர்ந்தது. அக்குள் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய பிறகு வந்தவருக்கு, கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்ற கட்டம் பல நேரங்களில் கடந்துபோயிருக்கும். மார்பக அறுவை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் சுமார் 8 சதவீதம் கூடுகிறது என்று 2020இல் வெளியான தொகுப்பாய்வு கணித்தது. அது சிகிச்சைத் தாமதத்தின் கணக்கு மட்டுமே. நோயைக் கண்டறியுமுன் கழிந்த மாதங்கள் அதில் சேரவில்லை.

இந்த ஊரில் தாமதத்துக்குப் பெருந்தொற்று தேவையில்லை என்பதே என் கவலை. ஒன்றரை ஷிப்டு பார்ப்பவர் வேலை முடிந்து வெளியே வரும்போது அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு மூடி வெகுநேரம் ஆகியிருக்கும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஒரு நாள் லீவு என்றால் சனிக்கிழமைச் சம்பளத்தில் அவ்வளவும் குறையும். விடுதியில் தங்கியிருக்கும் ஒடியாப் பெண் தன் உடம்பைப் பற்றி எந்த மொழியில், யாரிடம் சொல்வாள்?

மார்பகப் பரிசோதனை முகாம்கள் நடத்துகிறோம், நல்லதுதான். ஆனால் மும்பையில் 1,51,538 பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வைக் கவனியுங்கள். பயிற்சி பெற்ற பெண்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்ததில், ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்று இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. இளையவர்களிடம் அப்படிக் குறையவில்லை. நம் பனியன் கம்பெனிகளில் இருப்பவர்களோ பெரும்பாலும் இளையவர்கள். அவர்களுக்கு முதல் தேவை, கட்டி தெரிந்தபின் ஒரு வாரமும் வீணாகாமல் பயாப்ஸி எனும் திசுப் பரிசோதனையின் முடிவு கைக்கு வருவது. மருத்துவரை முதலில் பார்த்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோயறிதல் முடிய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவுகோலில் திருப்பூர் எங்கே நிற்கிறது என்று இந்த மாநாடு கேட்க வேண்டும்.

உரிமையாளர்களே, பயாப்ஸிக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். மருத்துவர்களே, வாரத்தில் ஒரு மாலையாவது மார்பகப் பரிசோதனைக்கென ஒதுக்குங்கள். ஆய்வாளர்களே, கட்டி தெரிந்த நாள், முதல் மருத்துவரைப் பார்த்த நாள், பயாப்ஸி நாள், சிகிச்சை தொடங்கிய நாள் ஆகிய நான்கு தேதிகளையும் ஒவ்வொரு நோயாளிக்கும் எழுதிவைக்கும் படிவத்தை நாம் கலைவதற்குள் முடிவு செய்துகொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, அமர்வுகளைத் தொடங்கிவைக்கிறேன்.