எந்தத் தெரு?

(குத்தம்பாக்கத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



'பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பொதுவாழ்வு' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் வரலாற்றுப் பேராசிரியன் இல்லை. வங்கியில் கிளார்க். கொஞ்சம் கவிதை எழுதுகிறவன். அதனால கவுண்ட்டர்லேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதுசு. மதியம் சாப்பிடும்போது ஒரு மூத்த ஊழியர் கேட்டார், "தம்பி, ஊர்ல எந்தத் தெரு?" அவர் தெருவைக் கேட்கலைன்னு இங்க உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். நான் "பெருமாள் கோயில் தெரு" என்றேன். எங்க ஊர்ல அந்தத் தெருவுல எங்க தாத்தா செருப்புப் போட்டு நடந்ததில்லை. அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை. ஆனாலும் அந்தப் பொய்யை மூணு வருஷம் காப்பாத்தினேன்.

அந்த மூணு வருஷத்தில்தான் இரட்டைமலை சீனிவாசனைப் படித்தேன்.

பாடப் புத்தகம் என்ன சொல்லுது? 1878இல் 'தி ஹிந்து', 1882இல் 'சுதேசமித்திரன்', 1884இல் சென்னை மகாஜன சபை, 1885இல் காங்கிரஸ். இதுதான் அன்றைய பொதுவாழ்வு என்கிறார்கள். அதே 1885இல் ஜான் ரத்தினம் 'திராவிட பாண்டியன்' பத்திரிகையைத் தொடங்கினார், அயோத்திதாசர் அதில் உடன் நின்றார். இது பரீட்சையில் வருவதில்லை. நமக்கு அச்சே தெரியாது, அம்பேத்கர் வந்த பிறகுதான் எழுதக் கற்றோம் என்று நம்மில் பலரே நம்புகிறோம். அம்பேத்கர் பிறந்தது 1891. அப்போது இங்கே சபை இருந்தது, தீர்மானம் இருந்தது, பத்திரிகை இருந்தது.

உலகத்தின் இன்னொரு மூலையைப் பாருங்கள். ஈழத்துச் சொந்தங்கள் அகதியாகப் போய் வாழ்கிற நோர்வே. 1884இல் அங்கே மன்னரின் மந்திரிகள் நாடாளுமன்றத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று ஆனது. அதிகாரிகள் பேசியதும் எழுதியதும் டேனிஷ் சாயல் கொண்ட மொழி. ஈவார் ஓசன் என்ற சிறு விவசாயியின் மகன் ஊர் ஊராகப் போய்க் குடியானவர் பேச்சைக் கேட்டு இலக்கணமும் அகராதியும் எழுதினார். 1885இல் நாடாளுமன்றம் அந்த மொழிக்குச் சம இடம் கொடுத்தது. கொச்சை என்று ஒதுக்கியது சபை ஏறியது. ஆனால் நிலமில்லாத கூலி ஆண்களுக்கு ஓட்டு வர 1898 ஆனது. பெண்களுக்கு 1913. அங்கேயும் 'மக்கள்' என்ற சொல்லுக்குள் எல்லாரும் ஒரே நாளில் நுழைந்துவிடவில்லை.

இங்கே 'மகாஜனம்' என்ற சொல்லுக்குள் நாம் இருந்தோமா? 1891இல் நீலகிரியில் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபை கூட்டினார். அடுத்த ஆண்டு சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்கு அந்தத் தீர்மானங்களோடு போனார். கோயிலுக்குள் எங்களை ஏன் விடக்கூடாது என்று கேட்டார். உங்களுக்குத்தான் மதுரைவீரனும் காட்டேரியும் இருக்கிறார்களே என்ற தோரணையில் பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், பள்ளிக்கூடமும் நிலமும் கொடுங்கள் என்றார் அவர். என்ன ஒரு பதில் பாருங்க! சாமியை விட்டுக்கொடுத்து சிலேட்டைக் கேட்டார்.

நிலம்னு சொன்னதும் இந்த மண் ஞாபகம் வருது. இந்தப் பக்கமெல்லாம் அன்றைக்குச் செங்கல்பட்டு ஜில்லா, மிராசுதார் ராஜ்ஜியம். படியாள் குடியிருந்த குடிசை மனைகூட அவனுக்குச் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் மனையிலிருந்தே விரட்டலாம். கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் இதை அறிக்கையாக எழுதினார். 1892இல் நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். பத்து வருஷம் விற்கக் கூடாது, அதற்கப்புறமும் நம்மவர்களுக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் கை மாறியது. அதைத் திருப்பிக் கேட்ட காரணைப் போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது, ஜான் தாமசும் ஏழுமலையும் விழுந்தார்கள்.

இப்போது சீனிவாசனுக்கு வருகிறேன். 1893 அக்டோபரில் அவர் பத்திரிகை தொடங்குகிறார். பெயர் 'பறையன்'. நாலு பக்கம், இரண்டணா. நானூறு பிரதி இரண்டு நாளில் தீர்ந்தது. மாத இதழ் வார இதழானது, சொந்த அச்சுக்கூடம் வந்தது, 1900 வரை நடந்தது. எந்தச் சொல்லைச் சொல்லி அடித்தார்களோ அதையே தலைப்பில் போட்டு, காசு கொடுத்து வாங்கிப் படி என்றார். பேரை மறைத்தால் உரிமை கேட்க முடியாது என்பது அவர் வாதம்.

அதே ஆண்டு, ஐ.சி.எஸ். பரீட்சையை இந்தியாவிலும் நடத்தக் கூடாது என்று லண்டன் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பினார். 3,412 கையெழுத்து, 112 அடி நீளம். இதைத் துரோகம் என்பவர்கள் உண்டு. பரீட்சை இங்கே நடந்தால் கலெக்டர் நாற்காலியில் யார் உட்காருவார் என்பது அந்த 3,412 பேருக்கும் தெரிந்திருந்தது. மிராசுதாரின் மச்சானே கலெக்டராக வந்தால் படியாள் யாரிடம் மனு கொடுப்பான்? தினமும் இங்க் பேடில் கட்டைவிரல் அழுத்திக் கொடுக்கிறவன் நான். ஒவ்வொரு கையெழுத்துக்கும் பின்னால் எத்தனை பயம் இருந்திருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

ஆனால் அயோத்திதாசர் 'பறையன்' என்ற பெயரை ஏற்கவில்லை. இத்தனைக்கும் இருவரும் உறவுக்காரர்கள், சீனிவாசனின் தங்கையைத்தான் அயோத்திதாசர் மணந்திருந்தார். அந்தப் பெயர் பகைவர் சூட்டியது, நாம் சாதிபேதமற்ற திராவிடர், பூர்வ பௌத்தர் என்றார். 1898இல் கொழும்பு சென்று பௌத்தம் ஏற்று வந்து சாக்கிய பௌத்த சங்கம் கட்டினார். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார்.

யார் சரி? மாணவர்கள் விவாதியுங்கள். ஒருவர் வசைச் சொல்லைக் கொடியாக்கினார். இன்னொருவர் அதைச் சூட்டும் உரிமை உனக்கு ஏது என்றார். எனக்கு ரெண்டு பேரும் வேணும். ரெண்டு பேர் வழியிலயும் இல்லாதது ஒண்ணு உண்டு. மறைக்கிறது. அதைச் செய்தவன் நான்.

மூணு வருஷம் கழிச்சு, அதே மேசையில், யாரும் கேட்காமலே சொன்னேன். "சார், அன்னைக்கு நான் சொன்னது பொய். நான் சேரி." அவர் "அதனால என்ன தம்பி" என்றார். அடுத்த வாரத்திலிருந்து அவர் டப்பாவிலிருந்து எனக்கு ஊறுகாய் வருவது நின்றுபோச்சு. நின்னா நிக்கட்டும். எனக்குச் சோறு இறங்குது.

இந்தக் குத்தம்பாக்கத்துச் சமத்துவபுரத்தில் சேரிக் குடும்பமும் ஊர்க் குடும்பமும் ஒரே சுவரின் இரண்டு பக்கம் வாழ இரட்டை வீடுகள் கட்டினார்கள். நல்லது. அந்த வீட்டுப் பிள்ளை நாளைக்கு வேலைக்குப் போவான். அவனையும் கேட்பார்கள், எந்தத் தெரு என்று. அவன் என்ன பதில் சொல்லப்போறான்னு இங்க இருக்கிற நீங்க இப்பவே அவனோட உட்கார்ந்து பேசணும். நானூறு பிரதி போதும், தோழர்களே. நம்ம பத்திரிகையும் ஏறக்குறைய அவ்வளவுதான் அச்சாகுது. போகும்போது ஆளுக்கொன்று வாங்கிட்டுப் போங்க.

ஜெய்பீம்.