கைப்பேசியில் விளையாட்டு: காசு யாருக்கு?

 

ஓட்டத்திலும் பந்தாட்டத்திலும் பரிசு வாங்கிய பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறார்கள். ஆகவே விளையாட்டைப் பற்றியே இரண்டு வார்த்தை பேசுகிறேன்.

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் போனவர்களுக்கு ரேஸ் கோர்ஸ் ரோடு தெரியும். 1933 வரை அங்கே குதிரைப் பந்தயம் நடந்தது. பிறகு அந்த இடம் ஃபேரர் பார்க் திடலாகி, பந்து விளையாடும் பிள்ளைகளுக்கு வீடு மாதிரி ஆயிற்று. காலாங்கில் 1973-இல் திறந்த பழைய தேசிய விளையாட்டரங்கில், மலேசியக் கிண்ண ஆட்டமென்றால் ஐம்பதாயிரம் பேர் கூடுவார்கள். சுந்தரமூர்த்தி பந்தைத் தொட்டால் அரங்கமே அதிரும். அன்றைக்கு வருமானம் வாசலில் விற்ற டிக்கெட்டில் வந்தது.

இன்றைக்கு வருமானம் கம்பி வழியாக வருகிறது. இங்கிலாந்துப் பந்தாட்ட ஒளிபரப்பு உரிமையை 2009-இல் ஸ்டார்ஹப்பிடமிருந்து சிங்டெல் தட்டிக்கொண்டு போனது. ஆட்டம் பார்க்க, வீட்டுக்கு இரண்டாவது பெட்டியும் இரண்டாவது பில்லும் வந்தன. இந்தத் தொல்லையைப் பார்த்த அரசாங்கம், இனி தனியுரிமையாக வாங்கும் நிகழ்ச்சியை மற்ற நிறுவனத்தின் பெட்டியிலும் காட்ட வேண்டும் என்று 2010-இல் விதி செய்தது. 2022-இல் அந்த உரிமை மறுபடியும் ஸ்டார்ஹப்புக்கே போனது. இப்போது பெட்டிகூட வேண்டாம், கைப்பேசி போதும்.

அதே 2022-இல் ஐ.பி.எல். கிரிக்கெட்டின் ஐந்தாண்டு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. இந்தியாவில் தொலைக்காட்சிக்குக் கொடுத்ததைவிட இணையத்துக்குக் கொடுத்தது கொஞ்சம் அதிகம். இருந்தும் 2023-இல் கைப்பேசியில் இலவசமாகக் காட்டினார்கள். எப்படிக் கட்டும்? விளம்பரக்காரர் பணம் கொடுக்கிறார். அவர் வாங்குவது நம்முடைய நேரத்தை!

கெடுதல் மட்டுமே என்று சொல்ல மாட்டேன். தொலைக்காட்சி திரும்பிப் பார்க்காத சின்னக் குழுவும் இன்று தன் ஆட்டத்தைத் தானே உலகுக்குக் காட்டலாம். சிங்கப்பூரின் உள்ளூர் லீக் ஆட்டங்களே யூடியூபில் வந்திருக்கின்றன.

பெற்றோர்களே, வியாபாரி தன் கணக்கைப் பார்க்கிறான். நாமும் நம் கணக்கைப் பார்க்க வேண்டாமா? சிங்கப்பூரில் உலகக் கிண்ணம் வந்தால் சமூக மன்றங்களில் பெரிய திரை வைத்து, ஊரே கூடிப் பார்க்கிறது. நாமும் மண்டபத்தில் ஒரு திரையில் கூடிப் பார்க்கலாம். வீட்டுக்கு வீடு பில் கட்ட வேண்டியதில்லை. மாணவர்களே, இரவு ஆட்டம் பாருங்கள். ஆனால் மாலையில் திடல் காலியாகக் கிடக்கக் கூடாது. திரையில் தெரியும் வீரனும் ஒரு திடலில் ஓடி வளர்ந்தவன்தான்.